அயல்நாட்டுக் கல்வியும் தாயகத்தின் கடனும்: போன்ஹோபரின் மாணவப் பயணங்கள்

நம் இறையியல் கல்லூரிகளில் பயின்றவர்கள் மேற்படிப்புக்காக அயல்நாடு செல்வது நெடுங்காலமாக நடந்துவரும் ஒன்று. அவர்கள் திரும்பி வரும்போது, பயின்ற பல்கலைக்கழகத்தின் பெயரும் பெற்ற பட்டமும் எழுதிய ஆய்வேட்டின் தலைப்பும் வரவேற்புக் கூட்டங்களில் வாசிக்கப்படுகின்றன. ஆனால் அந்நாடும் அதன் திருச்சபையும் அவர்களை எவ்வாறு மாற்றின, அம்மாற்றம் தாயகத் திருச்சபைக்கு என்ன பயனைத் தந்தது என்னும் கேள்விகளை நாம் அரிதாகவே எழுப்புகிறோம். இக்கேள்விகளை ஒரு வரலாற்று எடுத்துக்காட்டின் வழியாக ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

நாம் எடுத்துக்கொள்வது டீட்ரிக் போன்ஹோபரின் வாழ்க்கை. அவருடைய சிறைக் கடிதங்களையும் சீடத்துவத்தைப் பற்றிய நூலையும் நம் மாணவர்கள் நன்கு அறிவர். எனினும், அவருடைய முடிவை முன்னரே அறிந்திருப்பதால், இளமையிலேயே அவர் எல்லாவற்றையும் தெளிவாகக் கண்டவர் என்று எண்ணிக்கொள்ளும் பழக்கம் நம்மிடம் உண்டு. வரலாறு காட்டும் உண்மை வேறு. அவர் அயல்நாடுகளில் சிறிது சிறிதாகக் கற்றார். கற்றதைத் தம் நாட்டில் செயல்படுத்த வேண்டிய முதல் வேளையில் தயங்கினார். அந்தத் தயக்கத்திலிருந்து மீண்ட பின்னரே அக்கல்வி அவருக்குச் சொந்தமாயிற்று.

ரோமாபுரியில் கண்ட திருச்சபை

போன்ஹோபர் 1906ஆம் ஆண்டு பிப்ரவரி 4ஆம் நாள் பிரெஸ்லாவ் நகரில் பிறந்தார். அன்று ஜெர்மனியைச் சேர்ந்திருந்த அந்நகர் இன்று போலந்து நாட்டில் இருக்கிறது. தந்தையார் கார்ல் போன்ஹோபர் பெர்லின் பல்கலைக்கழகத்தில் மனநோய் மருத்துவப் பேராசிரியராகப் பணியாற்றியவர். தாயாரின் பாட்டனார் கார்ல் ஆகஸ்ட் ஃபொன் ஹாசே, யேனா பல்கலைக்கழகத்தில் திருச்சபை வரலாறு கற்பித்து நூல்கள் இயற்றியவர். இசையும் இலக்கியமும் அறிவியலும் நிறைந்திருந்த அவ்வில்லத்தில் ஞாயிறுதோறும் ஆலயத்திற்குச் செல்லும் வழக்கம் மட்டும் இல்லை. எட்டுப் பிள்ளைகளுள் ஆறாமவராகிய டீட்ரிக், தாம் இறையியல் பயிலப் போவதாக அறிவித்தபோது தமையன்மார் வியப்படைந்தனர்.

1923ஆம் ஆண்டு அவர் டூபிங்கன் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். பணவீக்கத்தினால் விலைகள் கோடிக்கணக்கான மார்க்குகளாக ஏறியிருந்த ஆண்டு அது. அக்குளிர்காலத்தில் உறைந்திருந்த நெக்கார் ஆற்றின்மேல் சறுக்கி விளையாடும்போது விழுந்து தலையில் அடிபட்டார். அவரைக் காண வந்த பெற்றோர், அவர் விரும்பிய ரோமாபுரிப் பயணத்துக்கு இசைந்தனர். இவ்வாறு 1924 ஏப்ரலில், பதினெட்டு வயது நிரம்பிய அவர், தமையனார் கிளவுஸுடன் இத்தாலிக்குப் புறப்பட்டார்.

பழம்பெரும் கட்டடங்களையும் சிற்பங்களையும் காணச் சென்ற மாணவரை அங்கே ஆட்கொண்டது வழிபாடே. குருத்தோலை ஞாயிறன்று தூய பேதுரு பேராலயத்தில், வெள்ளையரும் கறுப்பரும் மஞ்சள் நிறத்தவருமான குருமாரும் துறவியரும் ஒரே திருச்சபையின் உடையணிந்து கூடியிருந்த காட்சி அவருடைய உள்ளத்தில் பதிந்தது. அன்று மாலை திரித்துவ ஆலயத்தில் கன்னியர் பாடிய மாலை வழிபாட்டையும் கேட்டார். திருச்சபை என்பது யாது என்று தாம் உணரத் தொடங்கியதாக நாட்குறிப்பில் எழுதினார். மற்றொரு நாள் மரியன்னை பேராலயத்தில் மக்கள் வரிசையாக நின்று பாவ அறிக்கை செய்வதைக் கண்டார். அது அவர்களுக்குக் கட்டாயக் கடமையாக அன்றி உள்ளத்தின் தேவையாகவே இருப்பதாக அவருக்குத் தோன்றிற்று.

அவர் கத்தோலிக்கர் ஆகிவிடவில்லை. கத்தோலிக்க நண்பரோடு கோட்பாடுகளைக் குறித்து விவாதிக்கையில் தம் லூத்தரன் நிலையைக் காத்துக்கொண்டார். ஆயினும் ஜெர்மானியப் ப்ராட்டஸ்டண்ட் சபை ஒரு தேசத்தின் சபையாகக் குறுகிவிட்டது என்பதை, அத்தேசத்தின் எல்லையைக் கடந்த பின்னரே அவரால் உணர முடிந்தது. சகோதரர் இருவரும் சிசிலித் தீவையும், அன்று இத்தாலியரின் ஆட்சியில் இருந்த லிபியாவின் திரிப்போலி நகரையும் கண்டு திரும்பினர்.

அவ்வாண்டே பெர்லின் பல்கலைக்கழகத்தில் சேர்ந்து அடோல்ஃப் ஃபொன் ஹார்னாக், கார்ல் ஹோல், ரைன்ஹோல்ட் சேபெர்க் ஆகிய பேராசிரியர்களிடம் பயின்றார். 1927இல், இருபத்தொன்றாம் வயதில், அவர் முடித்த முனைவர் பட்ட ஆய்வேட்டின் பொருள் பரிசுத்தவான்களின் ஐக்கியம். கிறிஸ்து இவ்வுலகில் ஒரு சமுதாயமாக, சபையாக வாழ்கிறார் என்பதே அதன் மையக் கருத்து. ஆலயத்திற்குச் செல்லாத குடும்பத்தின் இளைஞர் திருச்சபையையே தம் முதல் ஆய்வுப் பொருளாகத் தெரிந்துகொண்டதற்கு ரோமாபுரியில் கழித்த வாரங்கள் ஒரு முக்கியக் காரணம் எனலாம்.

நியூயார்க் நகரின் வகுப்பறை

பின்னர் ஸ்பெயின் நாட்டின் பார்சிலோனா நகரிலிருந்த ஜெர்மானியச் சபையில் ஓராண்டு உதவிப் போதகராகப் பணியாற்றினார். 1930இல் பல்கலைக்கழகத்தில் கற்பிப்பதற்கான தகுதியையும் பெற்றார். ஆயினும் குருத்துவ அபிஷேகம் பெறுவதற்கு இருபத்தைந்து வயது நிரம்ப வேண்டும் என்பது சபையின் விதி. அவருக்கோ இருபத்து நான்கு. அந்த இடைவெளியில், நியூயார்க்கிலுள்ள யூனியன் இறையியல் கல்லூரியில் ஓராண்டு பயில அவருக்கு ஸ்லோன் உதவித்தொகை கிடைத்தது. 1930 செப்டம்பரில் கொலம்பஸ் என்னும் கப்பலில் பயணமானார்.

அமெரிக்காவிடம் கற்க வேண்டியது அதிகம் இருக்கும் என்று அவர் எதிர்பார்க்கவில்லை. கல்லூரியிலும் தொடக்கத்தில் ஏமாற்றமே அடைந்தார். பாவத்தையும் மன்னிப்பையும் குறித்து லூத்தர் எழுதிய பகுதிகள் வகுப்பில் வாசிக்கப்பட்டபோது மாணவர்கள் நகைத்தனர். நற்செய்தி எது என்று கேட்கு முன்னரே சமுதாயத்தைச் சீர்திருத்தும் வழிகளைப் பேசுகிறார்கள் என்பது அவருடைய குறை. அக்கல்லூரிக்கு அண்மையில், பெருஞ்செல்வர் ராக்ஃபெல்லரின் பொருளுதவியால் எழுந்த ரிவர்சைட் ஆலயம் அவ்வாண்டு அக்டோபரில்தான் திறக்கப்பட்டிருந்தது. புகழ்பெற்ற ஹாரி எமர்சன் ஃபாஸ்டிக் அதன் போதகர். அத்தகைய பேராலயங்களின் அருளுரைகளில் எல்லாவற்றையும் குறித்துக் கேட்கலாம். கிறிஸ்துவின் சிலுவையைக் குறித்தும் மன்னிப்பைக் குறித்தும் மட்டும் கேட்பது அரிது என்ற கருத்தைத் தம் அறிக்கையில் பதிவு செய்தார்.

இத்தீர்ப்பில் ஜெர்மானியப் பல்கலைக்கழகத்தின் செருக்கும் கலந்திருந்தது என்பதை நாம் மறுக்க வேண்டியதில்லை. ரைன்ஹோல்ட் நீபரும் ஹாரி வார்டும் வேலையின்மை, தொழிலாளர் நிலை, இனப்பாகுபாடு ஆகியவற்றை இறையியல் வகுப்பிற்குள் கொண்டுவந்தனர். 1929இல் தொடங்கிய பொருளாதார வீழ்ச்சியால் நகரெங்கும் வேலையிழந்தோர் உணவுக்காக வரிசையில் நின்ற காலம் அது. சமுதாய நிறுவனங்களை மாணவர்கள் நேரில் சென்று காணும் ஒரு பாடத்திலும் போன்ஹோபர் சேர்ந்தார். நீபரின் வகுப்புக்காகக் கறுப்பின எழுத்தாளர்களின் நூல்களை வாசித்தார். கல்லூரி தனக்குத் தராததைப் பற்றிக் குறைகூறிய மாணவருக்கு, அக்கல்லூரியே வேறொரு கதவைத் திறந்துவிட்டிருந்தது.

ஹார்லம் ஆலயம்

அக்கதவின் வழியே அவரை அழைத்துச் சென்றவர் உடன் மாணவரான ஃபிராங்க் ஃபிஷர். அவர் தென்மாநிலமாகிய அலபாமாவின் பர்மிங்காம் நகரைச் சேர்ந்த கறுப்பினத்தவர். பாப்டிஸ்ட் போதகர் ஒருவரின் மகன். கல்லூரிக்கு அருகே ஹார்லம் பகுதியிலிருந்த அபிசீனிய பாப்டிஸ்ட் ஆலயத்தில் அவருக்குப் பயிற்சிப் பணி அளிக்கப்பட்டிருந்தது. போன்ஹோபரும் அவருடன் சென்றார். ஒரு முறை பார்த்துவிட்டுத் திரும்பும் பார்வையாளராக அவர் இருக்கவில்லை. ஏறத்தாழ ஆறு மாதங்கள் ஞாயிறு பள்ளியில் சிறுவர்களுக்குக் கற்பித்தார். வேதபாட வகுப்புகளில் உதவினார். விசுவாசிகளின் இல்லங்களுக்கும் சென்றார்.

அவ்வாலயத்தின் போதகர் ஆடம் கிளேட்டன் பவல், மூத்தவர். பல ஆயிரம் உறுப்பினரைக் கொண்ட அச்சபை, வறுமை மிகுந்த அக்குளிர்காலத்தில் பசித்தோருக்கு இலவச உணவும் வழங்கிற்று. பாவம், கிருபை, இயேசுவின் அன்பு, இறுதி நம்பிக்கை ஆகியவற்றைத் தயக்கமின்றி அறிவித்த அதே சபை, தெருவில் நிற்போரின் பசியையும் மறக்கவில்லை. கல்லூரியில் இரண்டாகப் பிரிந்து கிடந்தவை இங்கே ஒன்றாக இருந்தன. அமெரிக்காவில் நற்செய்தி மெய்யாகவே அறிவிக்கப்படுவதைத் தாம் கறுப்பின மக்களின் ஆலயங்களிலேயே கேட்டதாக அவர் தம் அறிக்கையில் குறிப்பிட்டார். அவர்களுடைய ஆன்மீகப் பாடல்களின் இசைத்தட்டுகளை வாங்கித் தம் நாட்டுக்குக் கொண்டு சென்றார்.

பாடல்களோடு பாடுகளையும் கண்டார். ஃபிஷருடன் வாஷிங்டன் சென்றபோது கறுப்பினத்தவரின் ஹவர்டு பல்கலைக்கழகத்தை அறிந்துகொண்டார். தலைநகரிலேயே இனப்பிரிவினை நிலவுவதையும் கண்டார். உணவகம் ஒன்றில் ஃபிஷருக்கு உணவு பரிமாற மறுக்கப்பட்டபோது நண்பர்கள் எல்லாரும் எழுந்து வெளியேறினர். 1931 இளவேனிற்காலத்தில் அலபாமாவின் ஸ்காட்ஸ்பரோ நகரில் கறுப்பின இளைஞர் ஒன்பது பேர்மீது பொய்க்குற்றம் சாட்டப்பட்டு, வெள்ளையர் மட்டுமே அமர்ந்த நடுவர் குழுக்களின் தீர்ப்பால் எண்மருக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டது. அவ்வழக்கும் அவருடைய உள்ளத்தை வருத்திற்று.

இங்கு நாம் கவனிக்க வேண்டியது, அவர் அமர்ந்திருந்த இடம். பேராசிரியர்களால் போற்றப்பட்ட, பட்டங்கள் பெற்ற ஒரு வெள்ளையர், சமுதாயம் தாழ்த்தி வைத்திருந்த மக்களிடையே கேட்பவராக அமர்ந்தார். வரலாற்றின் பெரு நிகழ்ச்சிகளைக் கீழிருந்து, ஒடுக்கப்பட்டோரின் பார்வையிலிருந்து காணக் கற்றதை ஒப்பற்ற பேறு என்று 1942ஆம் ஆண்டின் இறுதியில் அவர் எழுதினார். அப்பார்வைக்கான பயிற்சி ஹார்லம் ஆலயத்தில் தொடங்கிவிட்டது எனலாம்.

பிரெஞ்சு நண்பர்

யூனியன் கல்லூரியில் அவருக்குக் கிடைத்த மற்றொரு ஆசிரியரும் ஒரு மாணவரே. அவர் பிரான்ஸ் நாட்டைச் சேர்ந்த ஜான் லாசெர். முதல் உலகப் போரில் பிரெஞ்சுக்காரரும் ஜெர்மானியரும் ஒருவரையொருவர் கொன்று குவித்து அப்போது பன்னிரண்டு ஆண்டுகளே ஆகியிருந்தன. போன்ஹோபரின் தமையனார் வால்டர் 1918இல் அப்போரிலேயே உயிரிழந்தவர். ஜெர்மனியை இழிவுபடுத்திய வெர்சேல்ஸ் உடன்படிக்கையின் கசப்பு போன்ஹோபரின் உள்ளத்திலும் இருந்தது. லாசெரோ மலைப்பிரசங்கத்தைக் கிறிஸ்துவின் நேரடிக் கட்டளையாக ஏற்று, கிறிஸ்தவர் போரில் பங்குகொள்ளலாகாது என்று கருதியவர். அக்கட்டளைகள் மனிதனின் இயலாமையை உணர்த்துவதற்கே உரியவை என்று லூத்தரன் மரபில் கற்றிருந்தவருக்கு இது புதுமையாயிருந்தது.

இருவரும் ஒரு நாள், ஜெர்மானிய எழுத்தாளர் ரெமார்க்கின் போர் நாவலைத் தழுவிய திரைப்படத்தைக் காணச் சென்றனர். ஜெர்மானிய வீரர்களின் நோக்கில் அமைந்த படம் அது. திரையில் பிரெஞ்சு வீரர்கள் மடிந்தபோது அரங்கிலிருந்த அமெரிக்கர்கள் சிரித்துக் கைதட்டினர். பிரான்ஸோ அப்போரில் அமெரிக்காவின் நட்பு நாடு. கலங்கிய லாசெரை போன்ஹோபர் தேற்றினார். ஒரே கர்த்தருக்குள் இருக்கும் இருவரை இரு நாடுகள் எவ்வாறு பிரிக்க முடியும் என்னும் கேள்வி, நூல்களிலிருந்து எழாமல் ஒரு நண்பரின் முகத்திலிருந்து எழுந்தது.

1930ஆம் ஆண்டின் கிறிஸ்துமஸ் விடுமுறையில் போன்ஹோபர், சுவிட்சர்லாந்து மாணவர் எர்வின் சூட்ஸுடன் கியூபா நாட்டுக்குச் சென்று, ஹவானாவின் ஜெர்மானியச் சபையில் அருளுரை ஆற்றினார். வாக்குத்தத்த நாட்டைக் கண்டும் அதில் நுழையாமல் மலைமீது மரித்த மோசேயைக் குறித்து அவர் பேசினார். 1931 மே மாதத்தில் சூட்ஸ், லாசெர், அமெரிக்க நண்பர் பால் லேமன் ஆகியோருடன் காரில் தென்திசை நோக்கிப் புறப்பட்டார். இறுதியில் போன்ஹோபரும் லாசெரும் மட்டுமே மெக்சிக்கோவை அடைந்தனர். அங்கு விக்டோரியா நகரில் ஒரு ஜெர்மானியரும் ஒரு பிரெஞ்சுக்காரரும் ஒரே மேடையில் சமாதானத்தைக் குறித்துப் பேசியது கேட்டோருக்குப் பெருவியப்பாயிருந்தது. அவ்வாண்டு ஜூன் மாதத்தில் அவர் தாயகம் திரும்பினார்.

தமையனாரின் கடிதமும் 1933ஆம் ஆண்டும்

அமெரிக்காவின் இனப்பாகுபாட்டைக் குறித்துப் போன்ஹோபர் தம் மூத்த தமையனாரும் வேதியியல் அறிஞருமான கார்ல்-ஃபிரெட்ரிக்குக்கு எழுதியிருந்தார். 1931 தொடக்கத்தில் வந்த பதிலில், அமெரிக்காவில் குடியேறாததற்குத் தமக்கும் அதுவே காரணம் என்று தமையனார் ஒப்புக்கொண்டார். தம் பிள்ளைகள் அந்தச் சிக்கலுக்கு வாரிசாவதை அவர் விரும்பவில்லை. அத்தோடு, அதனோடு ஒப்பிட்டால் ஜெர்மனியின் யூதர் சிக்கல் வெறும் வேடிக்கையே என்ற கருத்தையும் எழுதினார். அவர் கொடியவர் அல்லர்; நாசிக் கட்சியை வெறுத்தவர்; கூர்ந்த அறிவுடையவர். கடல் கடந்த நாட்டின் பாவத்தைத் தெளிவாகக் கண்ட அவ்வறிவு, தன் வீட்டு வாயிலில் நின்ற பாவத்தை அளவிடத் தவறிற்று. இரண்டே ஆண்டுகளில் அந்த வேடிக்கை நாட்டின் சட்டமாயிற்று.

1933 ஜனவரி 30ஆம் நாள் இட்லர் ஆட்சிக்கு வந்தார். ஏப்ரல் 7ஆம் நாள் யூத மரபினரை அரசுப் பணியிலிருந்து நீக்கும் சட்டம் பிறப்பிக்கப்பட்டது. அம்மாதத்திலேயே போன்ஹோபர் யூதர் சிக்கலும் திருச்சபையும் என்னும் பொருளில் கட்டுரை எழுதினார். அரசின் செயல் முறையானதா என்று சபை கேட்க வேண்டும். பாதிக்கப்பட்டவர் கிறிஸ்தவராயினும் அல்லராயினும் அவருக்கு உதவ வேண்டும். தேவை நேர்ந்தால் நசுக்கும் சக்கரத்தையே தடுத்து நிறுத்த வேண்டும் என்பவை அதில் அவர் கூறிய மூன்று கடமைகள். அன்று மிகச் சிலரே அவ்வளவு தூரம் சிந்தித்தனர்.

ஆனால் அதே ஏப்ரல் மாதத்தில் இன்னொன்றும் நிகழ்ந்தது. அவருடைய இரட்டைச் சகோதரி சபீனாவின் கணவர் கெர்ஹார்ட் லைப்ஹோல்ஸ் யூத மரபில் பிறந்த கிறிஸ்தவர். அவருடைய தந்தையார் திருமுழுக்குப் பெறாதவராகவே மரித்தார். அடக்க ஆராதனையை நடத்தும்படி குடும்பத்தார் போன்ஹோபரை வேண்டினர். அவர் தம் சபை மேலதிகாரியிடம் ஆலோசனை கேட்டார். அது தகாது என்ற விடை கிடைத்தது. அதை ஏற்று மறுத்துவிட்டார். அவ்வாண்டின் இறுதியில், தாம் அவ்வளவு அஞ்சியது எவ்வாறு என்று தமக்கே விளங்கவில்லை எனச் சகோதரிக்கும் மைத்துனருக்கும் எழுதி மன்னிப்புக் கேட்டார்.

அமெரிக்க உணவகத்திலிருந்து எழுந்து வெளியேறியவரும் பெர்லினில் அடக்க ஆராதனைக்குச் செல்லத் துணியாதவரும் ஒருவரே என்பதை நாம் மறைக்கலாகாது. அயல்நாட்டில் அநீதியை எதிர்ப்பவருக்கு அங்கே இழப்பதற்கு எதுவும் இல்லை. சொந்த நாட்டில் பதவியும் குடும்பமும் சபையதிகாரிகளின் நல்லெண்ணமும் பணயமாகின்றன. பயணம் கண்களைத் திறந்தது உண்மை. கால்களை நடக்கப் பழக்குவதற்கு மேலும் காலம் தேவைப்பட்டது.

செல்லாத பயணமும் திரும்பிய பயணமும்

போன்ஹோபர் மேற்கொள்ள விரும்பி நிறைவேறாத பயணம் ஒன்றும் உண்டு. அது நம் நாட்டிற்கு வருவது. நியூயார்க்கிலிருந்து இந்தியா வழியாகத் திரும்ப எண்ணியும் செலவு மிகுதியால் அதைக் கைவிட்டார். 1934இல் லண்டனில் ஜெர்மானியச் சபைகளின் போதகராயிருந்தபோது, சிசெஸ்டர் பேராயர் ஜார்ஜ் பெல் அவருக்காகக் காந்தியடிகளுக்கு எழுதினார். அவ்வாண்டு நவம்பர் 1ஆம் நாள் காந்தியடிகள் போன்ஹோபருக்கே பதில் எழுதினார். தாம் சிறைக்கு வெளியே ஓரிடத்தில் தங்கியிருந்தால் உடன் வாழலாம் என்றும், அங்குள்ள எளிய மரக்கறி உணவு ஒத்துக்கொள்ளுமா என்பதைக் கருதிக்கொள்ள வேண்டும் என்றும் அதில் குறிப்பிட்டார். மலைப்பிரசங்கத்தை ஒரு சமுதாயத்தின் வாழ்க்கை முறையாக்குவது எவ்வாறு என்பதை, கிறிஸ்தவர் அல்லாத ஒருவரிடம் கற்க ஜெர்மானியப் போதகர் விரும்பினார்.

ஆனால் அறிக்கைச் சபை தன் போதகர்களைப் பயிற்றுவிக்க அவரை அழைத்தது. இந்தியப் பயணத்தைத் துறந்து 1935இல் அவர் தொடங்கிய இறையியல் பயிற்சி நிலையம் பின்பு ஃபிங்கன்வால்டே என்னும் ஊரில் அமைந்தது. அங்கே, தாம் ரோமாபுரியில் கண்டு வியந்த பாவ அறிக்கையை ஒரு சகோதரர் மற்றொரு சகோதரரிடம் செய்யும் வழக்கமாக்கினார். ஹார்லம் மக்களின் பாடல்கள் அவர் கொணர்ந்த இசைத்தட்டுகளிலிருந்து ஒலித்தன. லாசெரோடு பேசிய மலைப்பிரசங்கம் வகுப்பின் பாடமாகி, 1937இல் சீடத்துவத்தைப் பற்றிய நூலாக வெளிவந்தது. அவ்வாண்டே இரகசியப் போலீசார் அந்நிலையத்தை மூடினர். அயல்நாட்டில் பெற்றவை ஒரு சிறு சமுதாயத்தின் அன்றாட ஒழுங்காக மாறிய இடம் அதுவே.

1939 ஜூன் மாதத்தில் அவர் மீண்டும் நியூயார்க் சென்றார். போர் நெருங்கியிருந்தது, இட்லரின் படையில் சேர அவருடைய மனச்சாட்சி இடம் தரவில்லை. நீபரும் லேமனும் அவரைக் காப்பாற்ற முயன்று அழைப்பு அனுப்பியிருந்தனர். யூனியன் கல்லூரியின் விருந்தினர் அறையில் தங்கிய அவரால் அமைதி கொள்ள இயலவில்லை. அகதிகளிடையே பணியாற்ற அளிக்கப்பட்ட வாய்ப்பை ஏற்றால் தாயகம் திரும்பும் வழி அடைபடும் என்று கண்டு மறுத்துவிட்டார். குளிர்காலத்துக்கு முன்னே வந்து சேரும்படி பவுல் தீமோத்தேயுவை வேண்டும் வசனத்தை ஜூன் 26ஆம் நாள் வாசித்தபோது, அது தமக்கே சொல்லப்பட்டதாக உணர்ந்தார். இப்போரின் துன்பத்தைத் தம் மக்களோடு பகிர்ந்துகொள்ளாவிடில், போருக்குப் பின் ஜெர்மனியின் கிறிஸ்தவ வாழ்வைச் சீரமைப்பதில் பங்குபெறத் தமக்கு உரிமை இராது என்று நீபருக்கு எழுதினார். ஒரு மாதமும் நிறைவுறுமுன் கப்பலேறினார். அமெரிக்காவில் சொற்பொழிவாற்ற வந்திருந்த தமையனார் கார்ல்-ஃபிரெட்ரிக்கும் அக்கப்பலில் உடன் திரும்பினார்.

அதன்பின் நிகழ்ந்தவற்றை நாம் அறிவோம். 1942இல் பதினான்கு பேரைச் சுவிட்சர்லாந்துக்குத் தப்புவித்த முயற்சியில் அவருக்குப் பங்கு இருந்தது. அவர்களுள் பெரும்பாலோர் யூத மரபினர். 1943 ஏப்ரல் 5ஆம் நாள் கைது செய்யப்பட்டார். 1945 ஏப்ரல் 9ஆம் நாள் ஃபுளோசன்பர்க் முகாமில் தூக்கிலிடப்பட்டார். ரோமாபுரிக்கு உடன் சென்ற தமையனார் கிளவுஸும் அம்மாதத்திலேயே பெர்லினில் சுட்டுக்கொல்லப்பட்டார்.

இட்லரைக் கொல்லும் முயற்சி தோல்வியுற்ற மறுநாள், 1944 ஜூலை 21 அன்று, போன்ஹோபர் சிறையிலிருந்து நண்பர் எபர்ஹார்ட் பெத்கேக்கு ஒரு கடிதம் எழுதினார். பதின்மூன்று ஆண்டுகளுக்கு முன் அமெரிக்காவில் ஓர் இளம் பிரெஞ்சுப் போதகருடன் நிகழ்த்திய உரையாடலை அதில் நினைவுகூர்ந்தார். வாழ்க்கையில் நாம் எதை விரும்புகிறோம் என்று இருவரும் பேசிக்கொண்டனர். தாம் பரிசுத்தவானாக விரும்புவதாக நண்பர் கூறினார். தாமோ விசுவாசிக்கக் கற்றுக்கொள்ள விரும்புவதாகக் கூறியதாகவும், அதன் ஆழத்தை நெடுங்காலம் உணரவில்லை என்றும், இவ்வுலக வாழ்வின் கடமைகளிலும் தோல்விகளிலும் முழுமையாக நிற்கும்போதே விசுவாசிக்கக் கற்கிறோம் என்றும் எழுதினார். மாணவப் பருவத்தின் ஒரு மாலைப் பேச்சு அவருக்கு விளங்கப் பதின்மூன்று ஆண்டுகள் ஆயின.

நமக்குரியது

இவ்வரலாற்றிலிருந்து நாம் கற்க வேண்டியவை சில உண்டு. முதலாவது, அயல்நாடு செல்லும் மாணவர் எந்த வகுப்பில் அமர்ந்தார் என்பதோடு எந்தச் சபையில் அமர்ந்தார் என்பதும் கேட்கப்பட வேண்டும். அந்நாட்டின் பெரியோர் கூடும் ஆலயத்தை மட்டும் கண்டு திரும்பியவர் அந்நாட்டை முழுதும் கண்டவர் ஆகார்.

இரண்டாவது, பிறர் நாட்டின் பாவத்தைக் காண்பது எளிது. நிறவெறியைக் குறித்து நம் மேடைகளில் நாம் உரத்துக் கண்டிக்கிறோம். நம் சபைகளிலே சாதியின் பெயரால் பிரிக்கப்பட்ட கல்லறைத் தோட்டங்களையும், திருமண உறவுகளையும், தேர்தல் அணிகளையும் குறித்துப் பேசும்போது நம் குரல் தாழ்ந்துவிடுகிறது. கார்ல்-ஃபிரெட்ரிக்கின் கடிதம் நம்முடைய கடிதமாகவும் இருக்கக்கூடும்.

மூன்றாவது, கண்டவர் உடனே செய்பவர் ஆகிவிடுவதில்லை. அறிவில் தெளிந்த போதகர் ஒருவர் ஓர் அடக்க ஆராதனையில் தவறினார். அத்தவற்றை மறைக்காமல், பாதிக்கப்பட்டவர்களிடமே அறிக்கையிட்டு, அடுத்த வேளையில் நிற்கக் கற்றார். நம் மாணவர்கள் திரும்பி வந்து சபை நிர்வாகங்களின் அழுத்தத்தில் தடுமாறும்போது, அவர்கள் கற்றது வீண் என்று தீர்ப்பளிக்க நாம் விரையலாகாது. கற்றதன்படி நடக்க அவர்களுக்குத் துணை நிற்கும் சகோதரர் எவரேனும் உண்டா என்பதையே கேட்க வேண்டும்.

ஒரு மாணவரை நாம் கடல் கடந்து அனுப்பும்போது அவருடைய செலவுக்காகச் சபைமக்கள் காணிக்கை தருகின்றனர்; அவருக்காக ஜெபிக்கின்றனர். அவர் கொண்டுவரும் பட்டச் சான்றிதழை அவர்களுள் பலரால் வாசிக்க இயலாது. ஆனால் அவர் திரும்பிய பின் யாருடைய வீட்டில் அமர்ந்து உண்கிறார், யாருடைய அடக்கத்துக்குச் செல்கிறார், யாருக்காகப் பேசுகிறார் என்பதை அவர்கள் கண்ணாரக் காண்பர். அவருடைய அயல்நாட்டுக் கல்வியை அவர்கள் மதிப்பிடுவது அதைக் கொண்டே.